அடுத்த வீட்டு மருந்துச் சீட்டு

அம்பர்நாத் கிழக்கில் நாங்கள் குடியிருக்கும் சாலில் ஒரு மருந்துச் சீட்டு சில மாதங்களாக வீடு வீடாகப் போய் வந்துகொண்டிருந்தது. சீட்டுக்கு உரியவர் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஓர் அக்கா. அவருக்கு மாதவிலக்கு மூன்று மாதம், நான்கு மாதம் என்று தள்ளிப் போயிற்று. உடம்பு பருத்தது. தாடையில் முடி அரும்பியது. டாக்டரிடம் போனார். சோனோகிராபி எடுத்துப் பார்த்து, சினைப்பையில் நீர்க்கட்டி என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஓரிரு மாதத்தில் விலக்கு தேதி தவறாமல் வரத் தொடங்கிவிட்டது.

இரண்டு வீடு தள்ளி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு பெண். கணவர் எம்.ஐ.டி.சி.யில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஒன்றரை ஆண்டாகியும் குழந்தை இல்லை. கல்யாணத்திற்கு முன்பே ஊரில் எடுத்த ஸ்கேனில் நீர்க்கட்டி என்று சொல்லியிருக்கிறார்கள். "கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும்" என்று பெண் வீட்டார் அதை மூடி வைத்துவிட்டார்கள். ஊருக்குக் கோவில் கொடைக்குப் போனால், கேட்கக் கூடாத சொல்லை எல்லாம் அந்தப் பெண் கேட்டுவிட்டுத் திரும்புவாள்.

குழாயடியில் பேச்சு வந்தது. "எக்கா, உங்களுக்குக் கேட்ட மாத்திரை எனக்குக் கேட்குமா?" என்றாள். "ஏன் கேட்காது? எனக்கும் அதே நீர்க்கட்டிதானே" என்று அக்கா சீட்டை எடுத்துக் கொடுத்தார். மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், பெயரைப் பார்க்கவில்லை. ஏழு மாதம் சாப்பிட்டாள். விலக்கு மாதாமாதம் கணக்காக வந்தது. இனிக் குழந்தை உண்டாகிவிடும் என்று வீடே நம்பிக்கொண்டிருந்தது.

கடைசியில் கணவர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த பெண் டாக்டர் முதல் கேள்வியாக, "என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்?" என்றாராம். அட்டையைக் காட்டினாள். அது கருத்தடை மாத்திரை.

அன்று இரவு அந்தக் கணவர் காகிதங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் ரயில்வேயில் எழுத்தர். மருத்துவம் படித்தவன் அல்ல. சாலில் இங்கிலீஷில் எது வந்தாலும் என்னிடம் கொண்டுவருவது வழக்கம், அவ்வளவுதான். அந்தக் காகிதங்களைப் படித்துச் சொல்லத் தொடங்கியதுதான் இந்த விஷயத்தை நான் தேடிப் படிக்கக் காரணம். அந்த அக்காவின் மீது எனக்குக் கோபம் இல்லை. இனிப் பிள்ளை வேண்டாம் என்றிருந்த அவருக்கு அது சரியான மருந்துதான். அதில் இருக்கும் ஹார்மோன் விலக்கை ஒழுங்குபடுத்தும். கர்ப்பப்பையின் உட்தோல் தடித்துப் போகாமல் காக்கும். முடியும் பருவும் குறையும். ஆனால் அதைச் சாப்பிடும் வரையில் முட்டை வெளிவராது. பிள்ளைக்கு ஏங்கியவள் அதை ஏழு மாதம் விழுங்கியிருக்கிறாள்.

ஒருவர் பெயரில் எடுத்த சீசன் பாஸில் இன்னொருவர் பிரயாணம் செய்தால் டி.சி. இறக்கி அபராதம் போடுகிறார். மருந்துச் சீட்டுக்கு அப்படி ஒரு பரிசோதகர் இல்லை.

ஒரே பெயர், பல கோலம்

நாம் நீர்க்கட்டி என்றும், டாக்டர்கள் பி.சி.ஓ.எஸ். என்றும் சொல்லும் இந்தக் கோளாறில் பெயரே பாதிக் குழப்பத்தை உண்டாக்குகிறது. அவை உண்மையில் கட்டிகள் அல்ல. சினைப்பையில் மாதாமாதம் முதிர வேண்டிய முட்டைப் பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. சோனோகிராபியில் அவை சிறுசிறு நீர்க்குமிழிகளாகத் தெரிகின்றன. கட்டி என்றதும் அறுவைச் சிகிச்சை வேண்டுமோ என்று பயந்து வட்டிக்குப் பணம் கேட்டு அலைந்த ஒரு தகப்பனாரை நான் அறிவேன். அந்தக் குமிழிகளை எடுப்பதற்கென்று ஆபரேஷன் தேவையில்லை.

1935-ல் அமெரிக்காவில் சிகாகோ நகரைச் சேர்ந்த ஸ்டைன், லெவன்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் இந்த நோய் முதன்முதலில் பலர் கவனத்திற்கு வந்தது. பருத்த உடல், முகத்தில் முடி, விலக்கு இல்லை, பிள்ளை இல்லை என்ற ஒரு படம் அன்றிலிருந்து எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது. படித்தவர்களிடம்கூட இன்றும் அந்தப் படம்தான் இருக்கிறது.

2003-ல் ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் கூடிய நிபுணர்கள் வேறு கணக்குச் சொன்னார்கள். மூன்று அடையாளங்கள். ஒன்று, விலக்கு ஒழுங்காக வராமை. இரண்டு, ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் மிகுதி. ஆண்களுக்கு நிறையவும் பெண்களுக்குச் சிறிதளவும் சுரக்க வேண்டிய இது அளவு மீறினால் முகமுடி, பரு, உச்சந்தலை முடி உதிர்வு என வெளியே தெரியும், அல்லது இரத்தச் சோதனையில் மட்டும் தெரியும். மூன்று, சோனோகிராபியில் தெரியும் அந்தக் குமிழிகள். தைராய்டு போன்ற வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்த பிறகு, இந்த மூன்றில் ஏதேனும் இரண்டு இருந்தால் போதும்.

இந்த "ஏதேனும் இரண்டு" என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒருத்திக்கு முகத்தில் முடி உண்டு, விலக்கு வராது, சோனோகிராபி சுத்தமாக இருக்கும். இன்னொருத்திக்கு முகம் பளிங்கு மாதிரி இருக்கும், விலக்கு வராது, சோனோகிராபியில் குமிழி. மூன்றாமவளுக்கு விலக்கு மாதந்தோறும் சரியாக வரும். முடியும் குமிழியும் மட்டும் உண்டு. மூவருக்கும் டாக்டர் எழுதும் பெயர் ஒன்றுதான். இந்த மூவரும் குழாயடியில் நின்று பேசிக்கொண்டால், ஒருத்தி சொல்வதில் பாதி மற்றவளுக்குப் பொருந்தாது.

நம் மும்பையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. பரேலில் உள்ள தேசிய இனப்பெருக்க ஆரோக்கிய ஆராய்ச்சி நிறுவனத்தார் 15 முதல் 24 வயது வரையுள்ள மும்பைப் பெண்களிடையே நடத்திய ஓர் ஆய்வை 2014-ல் வெளியிட்டார்கள். ராட்டர்டாம் கணக்குப்படி 22.5 சதவீதம் பேருக்கு இந்தக் கோளாறு இருந்தது. ஆண்ட்ரோஜன் மிகுதி கட்டாயம் இருக்க வேண்டும் என்று கொள்ளும் வேறொரு அளவுகோலை வைத்தபோது அதே பெண்களில் 10.7 சதவீதம்தான். ராட்டர்டாம் கணக்கில் வந்தவர்களில் 71.8 சதவீதம் பேர் பருமன் இல்லாதவர்கள்! பாதிக்குச் சற்று மேல், அதாவது 52.6 சதவீதம் பேருக்கு முடியும் இல்லை, பருவும் இல்லை. விலக்குத் தள்ளிப் போவதும் சோனோகிராபிக் குமிழியும் மட்டும்தான்.

"நீ ஒல்லியாகத்தானே இருக்கிறாய், உனக்கு ஏது நீர்க்கட்டி?" என்று நம் வீடுகளில் எத்தனை பெண்களை அடக்கியிருப்போம்? குண்டாக இருப்பவளுக்கு வேறு தண்டனை. அவளுக்கு எந்த உபாதை என்றாலும் "தின்பதைக் குறை" என்பதே மருந்து. இன்சுலின் சரிவர வேலை செய்யாததால் உடல் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகுதி சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனைக் கூட்டுகிறது. கழுத்தின் பின்புறம் அழுக்குப் படிந்தது போலக் கறுத்துத் தடித்திருந்தால் அது பெரும்பாலும் இதன் அறிகுறிதான். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது. "ஒழுங்காகக் குளிக்கிறாயா?" என்று ஒரு பெண் பிள்ளையைத் திட்டிய பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

எடை கூடியவர்கள் சிறிதளவு குறைத்தாலும் பலன் தெரிகிறது என்பது உண்மை. ஆனால் இந்த நோய்க்கென்று ஒரு தனி உணவு முறை மற்றவற்றைவிடச் சிறந்தது என்று நிரூபிக்கப்படவில்லை. ஒல்லியானவர்களும் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளத்தான் வேண்டும். நம் நாட்டவர்க்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வியாதி வருவது தெரிந்த விஷயம்.

இன்னொன்று. வெளியே கிளம்பும் முன் பெண்கள் முகத்து முடியை நூல் போட்டு எடுத்துவிடுகிறார்கள். டாக்டர் பார்க்கும்போது முகம் சுத்தமாக இருக்கிறது. கேட்டால்தான் சொல்வார்கள், ஆண்கள் பக்கத்தில் நின்றால் கேட்டாலும் சொல்லமாட்டார்கள்.

பாளி என்றால் என்ன?

அடுத்த வீட்டுச் சீட்டை நம்மவர்கள் ஏன் வாங்குகிறார்கள் என்பதற்கு அறியாமை மட்டும் காரணம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. டாக்டர் பீஸ், சோனோகிராபி, இரத்தச் சோதனை, கணவனுக்கு ஒரு நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டால் அந்த மாதச் சீட்டுப் பணம் கட்ட முடியாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் செலவு குறைவு. ஆனால் காலையில் போனால் மாலை வரை வரிசை.

அதைவிடப் பெரிய தடை பாஷை. மராத்தியில் 'பாளி' என்றால் மாதவிலக்கு என்பது நெல்லையிலிருந்து வந்து ஆறு மாதமான பெண்ணுக்கு எப்படித் தெரியும்? நர்ஸ் கேட்கிறார், அவள் கணவன் முகத்தைப் பார்க்கிறாள், கணவனுக்குச் சொல் தெரிந்தாலும் வாய் திறக்க வெட்கம். இருவரும் தலையை ஆட்டிவிட்டு வருகிறார்கள். தமிழில் பேசும் அடுத்த வீட்டு அக்காதான் அவளுக்கு டாக்டர். தாராவியிலும் செம்பூரிலும் இருப்பவர்களுக்குத் தமிழ் தெரிந்த டாக்டர்கள் கிடைக்கலாம். கல்யாணுக்கு அப்பால் வந்துவிட்டால் அது எளிதல்ல.

ஆகவே நான் ஆண்களிடம்தான் கேட்கிறேன். ரேஷன் கடையில் சண்டை போட ஹிந்தியும் மராத்தியும் வருகிறது. மனைவியின் உடம்பைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல ஏன் வரமாட்டேன் என்கிறது? கடைசி விலக்கு என்றைக்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, முகத்து முடியை எடுக்கிறாளா, குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா, பிள்ளை இப்போது வேண்டுமா வேண்டாமா, ஏற்கெனவே என்ன மாத்திரை. இவ்வளவுதான் கேட்பார்கள். வீட்டிலேயே கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளை வேண்டும் என்பவளுக்கு முட்டையை வெளிக்கொணரும் மாத்திரை வேறு. முடியும் பருவும்தான் தொல்லை என்பவளுக்கு வேறு. அந்த இரண்டாவது வகையில் சில, கருவுற்றால் சிசுவுக்குக் கேடு செய்யும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் சிலவகை ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் அக்கா சாப்பிட்ட மாத்திரையே ஆபத்தாகலாம்.

பெண் பிள்ளைகளின் விஷயம் தனி. வயதுக்கு வந்த முதல் ஆண்டில் விலக்கு முன்பின்னாக வருவது இயல்பு. மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னும் 35 நாளுக்கு மேல் தள்ளிப் போனால், அல்லது ஆண்டுக்கு எட்டு தடவைக்கும் குறைவாக வந்தால் காட்ட வேண்டும். வயதுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகும் வரை சோனோகிராபிக் குமிழியை வைத்து இந்த நோயை முடிவு செய்யக்கூடாது என்று 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வயதில் குமிழி தெரிவது சகஜம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நீர்க்கட்டி என்று முத்திரை குத்தி, அதை மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போகாமல் மறைக்க ஒரு குடும்பம் படும் பாட்டை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. மறைப்பதால் கெடுவது அவள் உடம்பு. இந்தக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோர் தாயாகிறார்கள், சிலர் மருந்தே இல்லாமல். ஆனால் மாதக்கணக்கில் விலக்கு வராமல் விட்டுவிட்டால் கர்ப்பப்பை உட்தோல் தடித்து, நாளாவட்டத்தில் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுகிறது. பிள்ளை பிறந்துவிட்டது, இனி எதற்கு டாக்டர் என்பதும் சரியல்ல. ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். காரணம் தெரியாத மனச்சோர்வும் இவர்களுக்கு அதிகம்; அதை "சிடுமூஞ்சி" என்று பெயர் வைத்து நாம் ஒதுக்கிவிடுகிறோம்.

அந்தப் பெண்ணுக்கு எடை 44 கிலோ. முகத்தில் ஒரு முடி இல்லை. சர்க்கரை, தைராய்டு இரண்டும் சரியாக இருக்கின்றன. கருத்தடை மாத்திரையை நிறுத்தியாயிற்று. நிறுத்திய பின் விலக்கு பழையபடி தள்ளிப் போயிற்று. இப்போது அவள் பெயரில் எழுதிய சீட்டு, அவளுக்கென்று வேறு மாத்திரை. ஏழு மாதம் வீணானதைக் கணவர் ஊருக்குச் சொல்லவில்லை. ஆனால் சென்ற வாரம் தாயாருக்குப் போன் செய்து, அந்தச் சொல்லை இனி யாரும் என் வீட்டில் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகப் பேசினார். சாலில் அரைவாசிப் பேருக்குக் கேட்டது. விலக்கு வந்த நாட்களைச் சமையலறைக் காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை இருவரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.