கோழி ரத்தம் எடுத்தால் போதுமா? ரிப்போர்ட்டைக் கையில் கொடு!



பூந்தமல்லி, திருமழிசை, திருநின்றவூர் பக்கம் நிலமெல்லாம் பிளாட்டாகப் போன பிறகும் வீட்டுக்கு நாலு நாட்டுக்கோழி மிச்சம் இருக்கிறது. அது திடீர்னு சுருண்டு விழுந்தா என்ன சொல்றோம்? "வெள்ளைக்கழிச்சல்." குழி வெட்டிப் புதைச்சிட்டு வேலையைப் பார்க்கப் போயிடறோம். பறவைக் காய்ச்சலும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்க எந்த டாக்டராலும் ஆகாது, பரிசோதனைக் கூடம்தான் சொல்ல வேண்டும்.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரா மாநிலம் நவாப்பூரில் இந்த நோய் இந்தியாவுக்குள் முதன்முதலாக வந்தது. தமிழ்நாட்டுக்கு வரவில்லை. ஆனாலும் இங்கே முட்டை விலையும் கறி விலையும் விழுந்தது. 2024 பிப்ரவரியில் பக்கத்து நெல்லூருக்கே வந்துவிட்டது. நம்ம திருவள்ளூர் மாவட்டத்து எல்லையைத் தாண்டினால் ஆந்திராதானே!

இப்போது விஷயத்துக்கு வருவோம். ரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்? கிருமி உள்ளே போனால் உடம்பு அதை எதிர்க்க ஒரு பொருளை உண்டாக்கும். அதுதான் ஆன்டிபாடி. குழித் தட்டில் கோழியின் சிவப்பணுவையும், செயலிழக்க வைத்த கிருமியையும், நம்ம கோழியின் ரத்தத் தெளிவையும் சேர்ப்பார்கள். ஆன்டிபாடி இருந்தால் சிவப்பணு பொத்தான் மாதிரி அடியில் தங்கும். இல்லாவிட்டால் வலை மாதிரிப் பரவி நிற்கும். இந்தியாவில் கோழிக்கு எச்5என்1 தடுப்பூசி போடுவதில்லை. அதனால் அந்த வகை ஆன்டிபாடி இருந்தால் கிருமி வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். வெள்ளைக்கழிச்சல் ஊசி போட்டதால் வரும் ஆன்டிபாடி வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆன்டிபாடி உண்டாக ஒரு வாரமாவது ஆகும். கடுமையான காய்ச்சல் கண்ட கோழி ரெண்டு நாளில் செத்துப் போகும். அப்புறம் அதன் ரத்தத்தில் என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது! "ஆன்டிபாடி இல்லை, நோய் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செத்த கோழியின் தொண்டையிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சி வைத்து எடுத்த மாதிரியில் கிருமியையே தேட வேண்டும். வாத்து விஷயம் வேறே. அது நோயைக் காட்டாமலே கிருமியைச் சுமக்கும், ரத்தப் பரிசோதனை அங்கேதான் உதவும்.

கால்நடைப் பல்கலைக்கழகம் அம்பத்தூருக்குப் பக்கத்தில் மாதவரத்தில் இருக்கிறது. ஆனால் பறவைக் காய்ச்சல் என்று உறுதி செய்வதோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற போபால் கூடம். முடிவு வரும்வரை கோழி வளர்ப்பவன் என்ன செய்வான்? அதிகாரிகள் அழிக்கும் கோழிக்குத்தான் மத்திய, மாநில அரசுகள் பாதிப்பாதி போட்டு நஷ்டஈடு தருகின்றன. அதற்கு முன்னாடி தானாகச் செத்ததற்குப் பைசா கிடையாது. இப்படி வைத்துக்கொண்டு, "ஏன் மறைக்கிறாய்?" என்று ஏழையைக் கேட்பதில் என்ன நியாயம்?

மாதிரி எடுக்க வருகிற ஊழியரிடம் சண்டை போடாதீர்கள், அவர் சம்பளக்காரர். எந்தத் தேதியில் எத்தனை மாதிரி எடுத்தார், ரத்தமா பஞ்சுக்குச்சியா என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முடிவைத் தமிழில், எழுத்தில், கோழிக்காரர் கையிலேயே தர வேண்டும், செத்த கோழிக்கும் நஷ்டஈடு தர வேண்டும் என்று பூந்தமல்லி ஒன்றியத்துக் கிராமங்கள் அத்தனையும் வருகிற கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் மாநகராட்சிக்குள் போய்விட்டதால் கிராமசபை கிடையாது. நீங்கள் கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்கு வாருங்கள், சேர்ந்தே போவோம்.