முழுகியவர் யார்?

‘பாப்டிசோ’ என்னும் கிரேக்க வினைக்கு முழுக்குதல் என்பதே பொருள். ஆகவே குழந்தைப் பருவத்தில் தலையில் நீர் ஊற்றப்பட்டவருக்கு மீட்பில்லை என்கிறார்கள். திருவனந்தபுரத்தில் ஆய்வு மாணவர்களிடமும் இவ்வாதத்தைக் கேட்கிறேன். மொழியியல் இதற்குத் துணை நில்லாது.

சொல்லின் வேர் வேறு, வழக்கு வேறு. லூக்கா 11:38இல் உணவுக்கு முன் கழுவிக்கொள்வதற்கும் இதே வினைதான். 1 கொரிந்தியர் 10:2இல், கடலைக் கால் நனையாமல் கடந்த இஸ்ரவேலருக்கும் இதே வினைதான். அன்று முழுகியது பார்வோனின் படை! சிலுவையில் தொங்கிய கள்வனுக்கோ நீரே இல்லை, வாக்குறுதி இருந்தது.

1544இல் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்களித்ததாகச் சவேரியார் கடிதத்தில் குறிப்பிட்டார். அந்த அவசரத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அவ்வாண்டின் தொடக்கத்தில், தமிழ் விசுவாசப் பிரமாணத்திலிருந்த ‘வேணும்’ என்பதை ‘விசுவாசம்’ எனத் திருத்தச் சொன்னவரும் அவரே. விரும்புவது வேறு, நம்புவது வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

திருமுழுக்கு வேண்டாம் என்பதன்று என் வாதம். ஓதியவர் எதை நம்பினார் என்பதே கேள்வி. நீரை அளந்து, அக்கடற்கரை மக்களின் வழித்தோன்றல்களை மீட்புக்கு வெளியே நிறுத்த எந்த அகராதிக்கும் அதிகாரமில்லை.