எதிர்வீட்டுப் பெண்ணும் 78,000 ரூபாய் கேமராவும்

கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் எங்கள் கோஷ்டியில் போன வாரம் ஒரு தகராறு. காந்தி சிலையில் ஆரம்பித்து டூப்ளே சிலை வரைக்கும் முடியவில்லை. மறுநாளும் தொடர்ந்தது. வாயால் பேசி ஜெயிக்க முடியாததை எழுதியாவது தீர்த்துக்கொள்வோம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எதிர்த்தரப்பு நண்பரும் இதைப் படிப்பார். பெயர் போடவில்லை, பயப்பட வேண்டாம்.

விஷயம் இதுதான். எங்கள் எதிர்வீட்டில் ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. முகூர்த்த நாட்களில் ஒரு கல்யாண போட்டோகிராபரிடம் உதவிக்குப் போகிறாள். விளக்கு பிடிப்பது, பை தூக்குவது, பெண் வீட்டாரை வரிசையாக நிற்க வைப்பது. இப்போது சொந்தமாக, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா ஒன்று வேண்டும் என்கிறாள். அப்பா சீட்டு எடுத்து 35,000 ரூபாய் வைத்திருக்கிறார். அடுத்த செமஸ்டர் ஃபீசுக்கு வேறு பணம் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும்.

நம் நண்பர் அந்த மனிதரிடம் சொன்னது: "முப்பத்தஞ்சுல என்னப்பா வரும்? வாங்கறதை ஒரு தடவையா நல்லதா வாங்கிடு. புது மிரர்லெஸ், ரெண்டு லென்சோட எழுபத்தெட்டாயிரம். மீதிக்குத் தவணை போட்டுக்கலாம்."

நான் கணக்குப் பிரிவில் பேனா தேய்த்தவன். மூன்று கொட்டேஷன் பார்க்காமல் நாற்காலி வாங்கக்கூட பில் பாஸ் செய்ததில்லை. மீதி 43,000 ரூபாய். பன்னிரண்டு மாதத் தவணை என்றால், வட்டியே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், மாதம் 3,583 ரூபாய். ஒரு தவணை தவறினால் கையை விட்டுப் போவது நண்பரின் காசு இல்லை.

சரி, அந்த 78,000-க்கு என்ன கிடைக்கிறது? ஒரு பாடி, இரண்டு கிட் லென்ஸ். பாடி அருமையானது, நான் மறுக்கவில்லை. ஆளின் கண்ணைத் தானே தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்கிறது. எடுக்கப்போகும் படத்தின் வெளிச்சம் வ்யூஃபைண்டரிலேயே தெரிகிறது. கோளாறு லென்சில் இருக்கிறது. புதிதாக வரும் சில கேமராக்களோடு தரும் ஜூம் லென்ஸ், நீள முனையில் எஃப் 6.3-தான் திறக்கும். 50 மி.மீ., எஃப் 1.8 என்று ஒரு லென்ஸ் உண்டு. ஜூம் கிடையாது, பார்க்க நோஞ்சான், பெரிய கம்பெனிகள் விற்கும் லென்ஸ்களில் விலை குறைந்தவற்றில் ஒன்று. இந்த இரண்டு எண்களையும் வகுத்துப் பாருங்கள். 6.3-ஐ 1.8-ஆல் வகுத்தால் மூன்றரை. அதன் வர்க்கம் 12 சொச்சம். அதாவது ஒரே மண்டபத்தில், ஒரே விளக்கில், அந்த நோஞ்சான் லென்ஸ் 12 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது.

இது வெறும் கணக்கு இல்லை. அந்தப் பெண் படம் எடுக்கப்போவது எங்கே? கல்யாண மண்டபம், கோயில் பிராகாரம், நாட்டிய அரங்கேற்றம். அரங்கேற்றத்தில் ஃபிளாஷ் அடித்தால் நட்டுவனார் முறைக்கிற முறைப்பில் கேமராவே அணைந்துவிடும். கிட் லென்சில் ஒரு படத்துக்கு நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்க வேண்டுமென்றால், எஃப் 1.8-இல் நூறில் ஒரு பங்கு போதும். எட்டில் ஒன்றில் ஆடுகிற பெண்ணின் கை வெறும் புகைதான். நூறில் ஒன்றில் முத்திரை ஓரளவு நிற்கும், முகம் தெளிவாக வரும். ஐஎஸ்ஓ-வை ஏற்றிக்கொள்ளலாமே என்பார் நண்பர். ஏற்றலாம், ரவை தூவினாற்போலப் படம் வரும்.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பிரெஞ்சில் கேமரா லென்சுக்கு 'ஒப்ழெக்திஃப்' என்று பெயர். குறிக்கோள் என்பதற்கும் அதே வார்த்தைதான். கேமராவுக்கோ 'அப்பரேய்', அதாவது வெறும் கருவி. நண்பரும் அதே பெஞ்சில் படித்தவர்தான், மறந்துவிட்டார்.

அடுத்து மெகாபிக்சல் மாயை. 2017-ல் வந்த கேனன் 200டி-யில் 24 மெகாபிக்சல். 2023-ல் வந்த அதே கம்பெனியின் ஆர்50-லும் 24. நிக்கான் டி5600, டி3500 இரண்டிலும் 24. அகலத்தில் 6,000 புள்ளி, உயரத்தில் 4,000. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடித்தால் 20 அங்குல அகலம் வருகிறது. நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் தாத்தா படமே அவ்வளவு பெரிதில்லை.

ஆகவே நான் சொன்னது: பழைய டிஎஸ்எல்ஆர் பாடி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கு. கூடவே 18-55 லென்ஸ் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும், வரட்டும். பகல் வெளிச்சத்தில் அது நன்றாகவே எடுக்கும், மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் போனால் அதுவே போதும். மிச்சப் பணத்தில் எஃப் 1.8 லென்ஸ். நான் விசாரித்தவரை 35,000-க்குள் இதெல்லாம் அடங்கி, மெமரி கார்டுக்கும் காசு மிஞ்சுகிறது.

"செத்துப்போன சிஸ்டத்தை வாங்கச் சொல்றியே" என்றார் நண்பர். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் செத்துப்போன சிஸ்டம் என்றால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த என் மாமா ஒரு ஃபோகா கேமரா கொண்டுவந்தார். பிரெஞ்சுக் கம்பெனி செய்தது, லென்ஸ் மாற்றக்கூடியது. கையில் எடுத்தால் வைக்க மனசு வராது. மாமாவுக்குப் பிறகு அது என்னிடம் வந்தபோது லென்ஸ் மங்கியிருந்தது. வேறு லென்ஸ் தேடினேன், கிடைக்கவே இல்லை. அதன் மவுண்ட் அந்தக் கம்பெனிக்கே உரியது, கம்பெனியும் போய்விட்டது. இன்று அது என் அலமாரியில் பேப்பர் வெயிட். செத்துப்போனது என்றால் அது. கேனனின் இஎஃப் மவுண்ட் 1987 முதல் இருக்கிறது, நிக்கானின் எஃப் மவுண்ட் 1959 முதல். லென்ஸ்கள் ஊரெல்லாம் கொட்டிக் கிடக்கின்றன. எல்லாரும் மிரர்லெசுக்கு ஓடுவதால் விலையும் இறங்கியிருக்கிறது. நாளைக்கு அந்தப் பெண் சம்பாதித்து மிரர்லெஸ் வாங்கினாலும், இஎஃப் லென்சை ஒரு அடாப்டர் வைத்து கேனனின் புது பாடியில் மாட்டலாம், ஆட்டோ ஃபோகசும் வேலை செய்யும். லென்சுக்குப் போட்ட காசு எங்கேயும் போகாது.

நிக்கான் வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை. டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 'டி' வகை லென்சை வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் திருப்ப வேண்டும். 'ஏஎஃப்-எஸ்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கணும்.

ஆனால் கேனனா நிக்கானா என்று முடிவு செய்ய வேண்டியவர் நானும் இல்லை, நண்பரும் இல்லை. அந்தப் பெண்ணிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்: "உங்க சார் என்ன கேமரா வெச்சிருக்காரும்மா?" "கேனன், தாத்தா. பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு." அத்தோடு முடிந்தது. அவர் பையில் இருக்கும் லென்ஸ்களை அவசரத்துக்கு இவள் மாட்டிக்கொள்ளலாம். எந்தக் கடைக்காரனும் சொல்லாத யோசனை இது, அவனுக்கு இதில் லாபம் இல்லை.

இரண்டு லென்ஸ் பெட்டியைப் பற்றி எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்று கேட்கலாம். ஓய்வு பெற்ற பணத்தில் நானே ஒன்று வாங்கினேன். "சார், இதுல எல்லாமே இருக்கு" என்றார் கடையில். இருந்தது. பெரிய லென்சை ஊசுடு ஏரிக்கு இரண்டு தடவை எடுத்துப்போனேன், பறவைகள் எறும்பளவுக்கு வந்தன. பிறகு அது பீரோவில் துணிகளுக்கு நடுவே தூங்கியது. நம் ஊர் கடல் காற்று என்ன செய்யுமென்று உங்களுக்குத் தெரியும், இரும்பு கேட்டையே தின்கிற காற்று. மூன்று மழைக்காலம் கழித்து எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ். சுத்தம் செய்யும் கூலி லென்ஸ் விலைக்கு மேல் என்றார்கள். அலங்கார விலை கொடுத்து பூஞ்சை வளர்த்தவன் நான். எவர்சில்வர் டப்பா வேண்டாம், மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். அரிசியில் புதைக்கிற வைத்தியம் வேண்டாம், தவிடுதான் உள்ளே போகும்.

செகண்ட் ஹேண்டில் ஏமாற்ற மாட்டார்களா? ஏமாற்றுவார்கள். அதனால்தான் கையில் டார்ச் வேண்டும். லென்சின் பின்பக்கத்திலிருந்து ஒளியடித்து முன்பக்கம் பார்த்தால் ஃபங்கஸ் தெரிந்துவிடும். எஃப் 16-இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்தால் சென்சாரில் இருக்கும் தூசி கரும்புள்ளியாகத் தெரியும். பேட்டரி உப்பியிருக்கிறதா, லென்ஸ் தொடும் பித்தளைப் புள்ளிகளில் பச்சை பூத்திருக்கிறதா, இதெல்லாம் பத்து நிமிட வேலை.

"மொபைலே போதுமே" என்ற இன்னொரு நண்பருக்குப் பதில் எழுதவில்லை. மொபைலோடு வருகிற போட்டோகிராபருக்கு அவர் தன் பேத்தி கல்யாணத்தில் அட்வான்ஸ் கொடுப்பாரா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

முத்தியால்பேட்டையில் ஒருவர் 200டி ஒன்று விற்கிறாராம். சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவும் மகளும் ஆட்டோவிலேயே போய்ப் பார்க்கிறார்கள். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். டார்ச்சுக்கு நேற்றே புது செல் போட்டு வைத்துவிட்டேன்.