லைசென்ஸ் ஒருவர் பெயரில், ஆபத்து வீட்டுக்கே: துப்பாக்கியை எங்கே, எப்படி வைக்க வேண்டும்?

2024 அக்டோபர் 1, விடியற்காலை. மும்பை ஜுஹூவில் உள்ள வீட்டிலிருந்து கொல்கத்தா கிளம்பிக்கொண்டிருந்தார் இந்தி நடிகர் கோவிந்தா. புறப்படும் முன் தன்னுடைய ரிவால்வரை எடுத்து வைத்தபோது அது கைதவறி வெடித்து, குண்டு அவருடைய காலிலேயே பாய்ந்தது. அறுவை சிகிச்சை செய்து குண்டை எடுத்தார்கள். சில நாட்களில் வீடு திரும்பிவிட்டார்.

செய்தியைப் பகிர்ந்த பலரும் மீம் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டோம். ஆனால் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அன்று அந்த வீட்டுக்குத் திருடன் வரவில்லை, சண்டை நடக்கவில்லை, துப்பாக்கிக்கு லைசென்ஸும் இருந்தது. துப்பாக்கியை எடுத்து வைக்கும் வேலையில்தான் விபத்து நடந்தது.

'நம்மகிட்ட துப்பாக்கியே இல்லையே, நமக்கு எதுக்கு இது?' என்று கேட்கலாம். உங்களிடம் இருக்காது. ஊரில் தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி இருக்கலாம். காட்டுப்பன்றித் தொல்லைக்காகப் பெரியப்பா லைசென்ஸ் வாங்கியிருக்கலாம். ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற மாமா செக்யூரிட்டி வேலைக்காக ஒன்று வைத்திருக்கலாம். விடுமுறைக்கு உங்கள் பிள்ளை போய் விளையாடுவது அந்த வீடுகளில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை கிடையாது, அரசு தரும் அனுமதி. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும்தான் இதற்கு அடிப்படை. பொதுவாக 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்க முடியும்; முன்பு அது 3. லைசென்ஸ் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்ந்தது.

அதே திருத்தம் இன்னொன்றையும் சொன்னது. கல்யாணம், திருவிழா என்று கொண்டாட்டத்தில் வானத்தை நோக்கிச் சுட்டு, மற்றவர்களின் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன குண்டு கீழே வரும், யார் தலையில் என்று யாருக்கும் தெரியாது.

பத்திரமாக வைப்பது பற்றியும் 2016 விதிகள் பேசுகின்றன. கையாள்வது, பராமரிப்பது, பாதுகாப்பாக வைப்பது, எடுத்துச் செல்வது ஆகியவை பயிற்சியில் இருக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் பத்திரமாக வைப்பதாக எழுத்துபூர்வமாக உறுதியும் தர வேண்டும். நல்ல விதிதான். ஆனால் எழுதிக் கொடுத்த காகிதம் பீரோவைப் பூட்டாது.

தேர்தல் நேரத்தில் மட்டும் என்ன நடக்கிறது பாருங்கள். தேதி அறிவித்ததும், லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வருகிறது. வங்கிக் காவலர்கள், துப்பாக்கி சுடுதல் வீரர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. எந்தத் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று அந்தச் சில வாரங்களுக்கு அரசுக்குத் துல்லியமாகத் தெரியும். முடிவு வந்த பிறகு துப்பாக்கி வீடு திரும்புகிறது. எந்த அறையில், யார் கைக்கு எட்டும் உயரத்தில் என்று அதற்குப் பிறகு கேட்க ஆளில்லை. அந்தக் கேள்வியை வீட்டில் இருப்பவர்கள்தான் கேட்டாக வேண்டும்.

'பிள்ளைக்கு எங்க இருக்குன்னே தெரியாது'

பெரும்பாலான பெற்றோர் சொல்வது இதைத்தான். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தார்கள். 2006இல் வெளியான அந்த ஆய்வில், 'துப்பாக்கி இருக்கும் இடம் என் பிள்ளைக்குத் தெரியாது' என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேரின் கூற்றை அவர்களுடைய பிள்ளைகளே மறுத்தார்கள். 'தொட்டதே இல்லை' என்று சொன்ன பெற்றோரில் 22 சதவீதம் பேரின் நிலையும் அதுதான். பாதுகாப்பு பற்றிப் பிள்ளைகளிடம் பேசியிருந்த வீடுகளிலும் இதே கதை.

நம் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பீரோ சாவி எங்கே இருக்கும்? பீரோ மேலேயே இருக்கும், அல்லது சாமி அறை ஆணியில் தொங்கும், இல்லையென்றால் அரிசி டப்பாவுக்குப் பின்னால். அம்மா நகை எடுக்கும்போது பத்து முறை பார்த்த பிள்ளைக்கு அது ரகசியமே இல்லை. ஒளித்து வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் ஓர் எடுத்துக்காட்டு. 2021 நவம்பர் 30 அன்று ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 15 வயது மாணவன் சுட்டதில் 4 மாணவர்கள் இறந்தார்கள். துப்பாக்கி அவனுடைய அப்பா சில நாள் முன்பு வாங்கியது. சுட்டவனோடு விவகாரம் முடியவில்லை. 2024இல் பெற்றோர் இருவருக்கும் தனித்தனியாக 10 முதல் 15 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைத்தது. வீட்டில் துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைக்காததும் அந்த வழக்கின் முக்கியக் குற்றச்சாட்டு. அதே ஆண்டு பிப்ரவரியில், சிறுவர்கள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் மிச்சிகனில் அமலுக்கு வந்தது.

கையில் எடுத்தால் நான்கு விதி

உலகம் முழுவதும் பயிற்சியாளர்கள் சொல்லித் தருவது ஏறக்குறைய ஒரே நான்கு விதிகளைத்தான்.

1. எந்தத் துப்பாக்கியும் குண்டு நிரப்பியதுதான் என்று நினைத்தே கையாளுங்கள். 'லோடு பண்ணலப்பா, சும்மா பாரு' என்று இன்னொருவர் நீட்டினாலும், கையில் வாங்கியவர் தானே திறந்து பார்க்க வேண்டும்.

2. சுட விரும்பாத எதன் பக்கமும் குழல் முனை திரும்பக் கூடாது. விளையாட்டுக்கும் கூடாது, செல்ஃபிக்கும் கூடாது.

3. குறி வைத்துச் சுடப்போகும் நொடி வரை விரல் டிரிக்கருக்கு வெளியே இருக்க வேண்டும். தடுமாறினாலோ திடுக்கிட்டாலோ கை தானாக இறுகும்.

4. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகே சுட வேண்டும். இருட்டில் புதர் அசைந்தால் அது பன்றியாக இருக்கலாம், கொல்லைக்கு ஒதுங்கிய ஆளாகவும் இருக்கலாம்.

நான்கில் ஒன்றை மீறினாலும் மற்றவை காப்பாற்றும் வாய்ப்பு உண்டு. டிரிக்கர் தவறி அழுந்தினாலும் குழல் பாதுகாப்பான திசையில் இருந்தால் சுவரில் ஓட்டை விழும், உயிர் போகாது.

காலி செய்வதிலும் ஒரு வரிசை இருக்கிறது. பிஸ்டல் என்றால் முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், அதன் பிறகு ஸ்லைடை இழுத்து சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். மேகசினைக் கழற்றியதும் காலியாகிவிட்டது என்று நினைப்பது பழைய தவறு. சேம்பரில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம். வரிசை மாறி, ஸ்லைடை முதலில் இழுத்தால் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும்.

பழைய ரிவால்வர்களில் இன்னொரு ஆபத்து உண்டு. கீழே விழுந்து சுத்தியல் பகுதியில் அடிபட்டால், டிரிக்கரைத் தொடாமலேயே வெடிக்கக்கூடிய மாடல்கள் இருக்கின்றன. புதியவற்றில் இதைத் தடுக்கும் அமைப்பு இருக்கும். உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்று லைசென்ஸ் உள்ள ஆயுத விற்பனையாளரிடமோ பழுதுபார்ப்பவரிடமோ காட்டிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வீட்டில் வைக்கும்போது

2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு நான்கு பழக்கங்களை எடுத்துப் பார்த்தது: குண்டு இல்லாமல் வைப்பது, துப்பாக்கியைப் பூட்டுவது, தோட்டாவைத் தனி இடத்தில் வைப்பது, அதையும் பூட்டுவது. இந்த நான்கில் ஒவ்வொன்றும், சிறார் தற்கொலையும் தற்செயல் துப்பாக்கிக் காயமும் குறைவாக இருந்ததோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. அதாவது ஒன்றைச் செய்தாலும் பயன் உண்டு. நான்கையும் செய்வதே இலக்காக இருக்கட்டும்.

நடைமுறையில் இது இப்படி: சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டுப் பொருத்திய இரும்பு லாக்கர். அதன் சாவியோ நம்பரோ லைசென்ஸ் வைத்திருப்பவரிடம் மட்டும். குழலை மடித்துத் திறக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கியாக இருந்தால், குழலைக் கழற்றித் தனியே வைக்கலாம். மேலே டிரிக்கர் பூட்டோ கேபிள் பூட்டோ போட்டால் லாக்கர் திறந்தாலும் இன்னொரு தடை இருக்கும். தோட்டாவுக்கு வேறு பெட்டி, வேறு சாவி. எத்தனை தோட்டா இருக்கிறது என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். காணாமல் போனால் அன்றே தெரியும்.

நம் ஊர் ஈரக்காற்றுக்கு ஒரு குறிப்பு: துப்பாக்கியைத் தோல் உறையிலேயே மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், இரும்பு துருவேறும். காரிலோ, தலையணைக்கு அடியிலோ வைப்பது பாதுகாப்பான இடத்தில் வைப்பதாகாது. ஆயுத பூஜைக்கு எடுத்துத் துடைத்துப் பொட்டு வைக்கும் வழக்கம் இருந்தால், காலி என்று பார்த்த பிறகே வெளியே வரட்டும், பூஜை முடியும் வரை பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

'அவசரத்துக்கு உடனே வேண்டாமா?'

நியாயமான கேள்விதான். பாதுகாப்புக்காக லைசென்ஸ் வாங்கியவர் பூட்டைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. இதற்குக் கைரேகையிலோ நம்பரிலோ சில நொடியில் திறக்கும் சின்ன லாக்கர்கள் இருக்கின்றன. எளிதாக நினைவில் வைத்துக்கொள்ள: துப்பாக்கி ஒன்று உங்கள் உடம்பில், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பூட்டுக்குள் இருக்க வேண்டும். மேசை மேல், கட்டிலடியில் என்ற மூன்றாவது நிலையே வேண்டாம்.

அந்தச் சில நொடி தாமதத்துக்கு இன்னொரு மதிப்பும் இருக்கிறது. இஸ்ரேல் ராணுவம் 2006இல் ஒரு விதியை மாற்றியது. வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்றது. அதன் பிறகு வீரர்களின் தற்கொலை விகிதம் சுமார் 40 சதவீதம் குறைந்ததாக 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. வார நாட்களில் பெரிய மாற்றம் இல்லை, குறைவு விடுமுறை நாட்களில்தான். ஆயுதம் கைக்கு எட்டாத அந்த நேரத்தில் மனம் மாறி, உயிர் தப்பியிருக்கிறார்கள்.

வீட்டில் யாராவது கடும் மன அழுத்தத்தில் இருந்தாலோ, குடும்பச் சண்டை முற்றியிருந்தாலோ துப்பாக்கியைக் கொஞ்ச நாள் வீட்டை விட்டு அகற்றுவது நல்லது. ஆனால் லைசென்ஸ் இல்லாத நண்பரிடமோ உறவினரிடமோ கொடுத்து வைக்கக் கூடாது, அதுவே குற்றம். காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்கக் கேளுங்கள். மனம் விட்டுப் பேச 24 மணி நேரமும் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416 இருக்கிறது.

தாத்தா போன பிறகு

லைசென்ஸ் என்பது ஆளுக்கு, வீட்டுக்கு அல்ல. லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்ததும் அந்தத் துப்பாக்கி அப்படியே பரணில் இருந்தால், வைத்திருக்கும் குடும்பத்தார் சட்டச் சிக்கலில் இருக்கிறார்கள் என்று பொருள். தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வாரிசு வைத்துக்கொள்ள விரும்பினால் தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். தாத்தா இருக்கும்போதே மாற்றவும் வழி இருக்கிறது. அவருக்கு 70 வயது ஆனாலோ, 25 ஆண்டு அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ வாரிசு விண்ணப்பிக்க 2016 விதிகள் இடம் தருகின்றன.

ஏர்கன் பற்றியும் ஒரு வார்த்தை. 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும், 0.177 அங்குலத்துக்கு மிகாத குழல் விட்டமும் கொண்டவற்றுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதனாலேயே குரங்கு விரட்ட வாங்கியது ஹாலில் சோபா மேல் கிடக்கிறது. அதன் சின்ன ஈயக் குண்டு கண்ணைப் பறிக்கும். மேலே சொன்ன நான்கு விதிகளும் பூட்டும் அதற்கும் பொருந்தும்.

அரசும் செய்ய வேண்டியது

லைசென்ஸ் புதுப்பிக்கும்போது பெயர், முகவரி, வழக்கு விவரம் எல்லாம் பார்க்கிறார்கள். கூடவே லாக்கர் இருக்கிறதா என்றும் நேரில் பார்க்கட்டும். தேர்தல் முடிந்து துப்பாக்கியைத் திருப்பித் தரும் நாளில், பாதுகாப்பாக வைப்பது பற்றிய ஒரு பக்கக் குறிப்பைத் தமிழில் கையில் கொடுக்கட்டும். பயன்படுத்தாத பழைய துப்பாக்கியை ஒப்படைக்க வருபவரைக் குற்றவாளி போல விசாரிக்காமல், உடனே ரசீது கொடுத்து அனுப்பட்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஏற்கெனவே காவல் நிலையத்துக்கு வந்து போகும் மனிதரிடம் இன்னும் பத்து நிமிடம் பேசினால் போதும்.

அதுவரை இந்த வேலை நம்முடையது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, 'அந்தத் துப்பாக்கி எங்க இருக்கு? தோட்டா எங்க? சாவி யார்கிட்ட?' என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பெரியவர்களுக்குக் கொஞ்சம் கோபம் வரலாம். மூன்றுக்கும் பதில் 'பீரோவுல' என்று வந்தால், ஒரு லாக்கர் வாங்கிக் கொடுத்துவிட்டே திரும்புங்கள்.