வராத நோயாளியும் நம் நோயாளியே

எச்.ஐ.வி. தொற்றுக்கான கூட்டு மருந்துச் சிகிச்சையை 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை போன்ற மையங்களை நாடியவர்களில் பலர் நோய் முற்றியிருந்தவர்கள். 2017 முதல், நோய் எதிர்ப்பாற்றலுக்கு உதவும் சி.டி.4 வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை எதுவாயினும் தொற்று உறுதியான அனைவருக்கும் சிகிச்சை என்பது கொள்கையாகிவிட்டதால், உடலில் எந்தக் குறையும் உணராதவரை ஆயுள் முழுவதும் மருத்துவத் தொடர்பில் வைத்திருப்பது இத்துறையின் தலையாய பணியாகியுள்ளது.

ஓய்வுநிலையிலுள்ள சி.டி.4 அணுக்களின் மரபுப்பொருளில் வைரஸ் தன்னைப் பொதித்து மறைந்திருப்பதாலும், இம்மறைவிடத்தை இன்றைய மருந்துகள் அகற்றாததாலும், மருந்தை நிறுத்திய பெரும்பாலோரிடம் சில வாரங்களிலேயே வைரஸ் மீண்டும் பெருகுகிறது. 33 நாடுகளில் 5,472 பேரிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில், விட்டுவிட்டு மருந்து பெற்றவர்களிடம், எதிர்ப்பாற்றல் குன்றும்போது தாக்கும் சந்தர்ப்பவாத நோய்களும் இறப்பும் மட்டுமன்றி, இதய, சிறுநீரக, கல்லீரல் பாதிப்புகளும் மிகுந்திருந்தன.

மருந்தைத் தவறாமல் உட்கொள்பவருக்கும் தொடர் கவனிப்பு தேவை. எச்.ஐ.வி. மருந்தான டொலுடெகிராவிர் அடங்கிய மாத்திரையை வெறும் வயிற்றில் இரும்புச்சத்து அல்லது கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் மருந்து குடலில் சரிவர உறிஞ்சப்படாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால், 12 மணி நேர இடைவெளியில் டொலுடெகிராவிர் 50 மில்லிகிராம் கூடுதலாகத் தரவேண்டும். மீந்த மாத்திரைகளை எண்ணுவது இவற்றைக் காட்டாது. வேறு என்ன மருந்து உட்கொள்கிறார் என்று ஒவ்வொரு வருகையிலும் கேட்பதும், இரத்தத்தில் வைரஸ் அளவை உரிய காலத்தில் அறிவதும், டெனோஃபோவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்தைப் பெறுவோரின் சிறுநீரகச் செயல்பாட்டைக் கண்காணிப்பதும் சிகிச்சையின் பிரிக்கவியலாத பகுதிகள்.

குறித்த நாளில் ஒருவர் வராததை வருகைப் பதிவேட்டின் குறையாக அன்றி, காரணம் கண்டறிய வேண்டிய மருத்துவ அறிகுறியாகவே கொள்ளவேண்டும். ஒரு நாள் கூலியை இழப்பதும், தெரிந்தவர் கண்ணில் படுவோமோ என்ற அச்சமும் காரணமாயின், பல மாத மருந்தை ஒருசேர வழங்குவதும் அருகிலுள்ள இணைப்புச் சிகிச்சை மையத்துக்கு மாற்றுவதும் தீர்வாகும். வராதவரைத் தேடிச் செல்லும்போதோ, 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் உறுதிசெய்யும் இரகசியம் எள்ளளவும் மீறப்படலாகாது. வைரஸ் அளவு கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து அவ்வாறே நீடித்தால் உடலுறவின் வழியே தொற்று பரவாது என்ற உண்மை, மருந்தை விடாதிருக்க வலுவான ஊக்கமாதலால், அதை ஒவ்வொருவரும் மருத்துவர் வாயிலாகவே அறியவேண்டும். இடைவெளிக்குப் பின் திரும்பி வருபவரைக் கடிந்துகொள்ளும் மையம் அவரை மறுபடியும் இழக்கும். அவரை வரவேற்று, அன்றே பரிசோதித்து, தாமதமின்றிச் சிகிச்சையைத் தொடரச் செய்வது மருத்துவக் குழுவின் கடமை.