நாளொரு பொன்மொழி, பொழுதொரு பக்தி

சாம்பல் புதன் அன்று காலை ஐந்தரைக்கே போன் அலற ஆரம்பித்துவிடும். பங்கு இளைஞர் குழு, பாடகர் குழு, பழைய பள்ளிக்கூடக் குழு, போதாததற்கு ஒரு சித்தப்பா... எல்லோரும் அனுப்புவது ஒன்றுதான். "தவக்காலச் சிந்தனை - நாள் 1". ஊதாப் பின்னணி, ஒரு முள்முடி, கீழே யாரோ ஒரு புனிதரின் பொன்மொழி. இரண்டு கும்பிடும் கைகளைத் தட்டிவிட்டுப் பல் விளக்கப் போய்விடுவோம். பெரிய சனிக்கிழமை வரை இதே கதைதான்.

அன்றைய பூசையில் வாசிக்கிற நற்செய்தி மத்தேயு 6-ம் அதிகாரம். நோன்பிருப்பதை ஊருக்குக் காட்டாதே என்கிற பகுதி. கேட்டுவிட்டு வெளியே வந்து, நெற்றிச் சாம்பலோடு ஒரு ஸ்டேட்டஸ். நல்லா இருக்குல்ல?

நான் சொல்லப்போவது சிலருக்குக் கோபம் வரவழைக்கும். பரவாயில்லை. இந்தத் தினம் ஒரு பொன்மொழி பழக்கம் நம் தவக்காலத்தை வளர்க்கவில்லை, தின்றுகொண்டிருக்கிறது.

முதலில் ஒரு சின்ன விஷயம். அசிசி பிரான்சிஸின் ஜெபம் என்று ஆண்டுதோறும் சுற்றுகிற அந்தச் சமாதான ஜெபம் முதன்முதலாக அச்சில் வந்தது 1912-ல், பாரிஸில், ஒரு சிறிய பத்திரிகையில். எழுதியவர் பெயர்கூட அதில் இல்லை. பிரான்சிஸ் இறந்தது 1226-ல். கிறிஸ்துவின் கைகளைப் பற்றி அவிலா தெரசா சொன்னதாக வருகிற பிரபலமான வாசகமும் அவர் எழுதிய எந்த நூலிலும் கிடையாது. அழகான வரிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் யார் சொன்னது என்றுகூடப் பார்க்காமல் அனுப்புகிற நாம், அதன்படி நடந்து பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்று யாராவது நம்புவார்களா?

"அட, நாலு நல்ல வார்த்தை படிச்சா என்னப்பா தப்பு?" என்பீர்கள். ஒரு தப்பும் இல்லை. அது நாற்பதாவதுதான் தப்பு.

நாலாம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் பம்போ என்று ஒரு துறவி இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். சங்கீதம் கற்றுக்கொள்ள ஒருவரிடம் போனார். நாவினால் பாவம் செய்யாமல் காத்துக்கொள்வேன் என்ற பொருளில் வரும் முதல் வசனத்தைக் கேட்டதும், இது போதும் என்று எழுந்து போய்விட்டார். ஆறு மாதம் ஆளையே காணோம். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, அந்த ஒரு வசனத்தையே இன்னும் செய்யக் கற்றுக்கொள்ளவில்லை என்றாராம். வெகுகாலம் கழித்து இன்னொருவர் கேட்டபோது, பத்தொன்பது வருடத்தில் ஏதோ கொஞ்சம் முடிந்தது என்றார். சோக்ரடீஸ் என்ற பழைய திருச்சபை வரலாற்றாசிரியர் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஒரு வசனம், பத்தொன்பது வருடம். நமக்கு நாற்பது நாளில் நாற்பது!

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தன் மடத்துக்கு எழுதிய ஒழுங்கில் 48-ம் அதிகாரத்தைப் பாருங்கள். தவக்காலம் தொடங்கும்போது ஒவ்வொரு துறவிக்கும் ஒரே ஒரு புத்தகம். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வரிசையாக முழுவதும் படிக்க வேண்டும். ஆக, படிப்பதற்கு நம் முன்னோர்கள் எதிரிகள் இல்லை. மேய்வதற்குத்தான் எதிரிகள்.

1966-ல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் கடமையான ஒருசந்தியைச் சாம்பல் புதன், பெரிய வெள்ளி என இரண்டே நாளாகக் குறைத்தார். தபசை நிறுத்தச் சொல்லவில்லை. ஜெபத்தாலும் அன்பின் செயல்களாலும் அதைச் செய்ய வழிவிட்டார். அவர் காலியாக்கிக் கொடுத்த இடத்தில் நாம் படம் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் அம்மாச்சிக்கு ஒரு பொன்மொழியும் தெரியாது. வெள்ளிக்கிழமை ஒருசந்தி, சாயங்காலம் சிலுவைப்பாதை. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி தனிப் பானைக்குப் போகும். பெரிய வாரத்தில் அந்தப் பானை யார் வீட்டுக்காவது போகும். அம்மாச்சி ஒன்றும் புனிதை இல்லை. மகா கோபக்காரி, பக்கத்து வீட்டோடு தீராத வழக்கு உண்டு. ஆனால் பானையில் அரிசி இருந்தது.

இனி என் கதை. போன தவக்காலத்தில் எங்கள் குழுவில் இந்தப் படங்களைச் செய்து அனுப்பிய மகான் நான்தான். நாள் 23, ஈகையைப் பற்றிய பொன்மொழி. அன்று மாலை விடுதியில் கூட்டிப் பெருக்கும் அக்கா வந்து, பிள்ளைக்கு மருந்து வாங்க ஐந்நூறு ரூபாய் கேட்டார். ஒண்ணாம் தேதி தந்துவிடுவாராம். "கையில இல்லக்கா" என்றேன். கையில் இல்லைதான், கணக்கில் இருந்தது. இரவு உட்கார்ந்து நாள் 24-க்கான படத்தைச் செய்தேன். தலைப்பு: தாழ்ச்சி. காலையில் வந்து குவிந்த கும்பிடும் கைகளை எண்ணிக்கூடப் பார்த்தேன்.

நான் படிப்பது பி.காம். வராத பணத்தை வரவில் எழுதினால் அதற்குப் பெயர் மோசடி என்று முதல் வருடமே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். தவக்காலம் முழுக்க நான் எழுதிய கணக்கு அதுதான். செய்யாத தர்மத்துக்கு வரவு.

மனசு உறுத்தி ஒரு வாரம் கழித்துப் பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். "வேணாம் தம்பி, வட்டிக்கு வாங்கிட்டேன்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

அதிலிருந்து அனுப்புவதில்லை. தவக்காலத்துக்குப் பொன்மொழி வேண்டுமென்றால் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது நாளும் அதே ஒன்று. யாருக்கும் அனுப்பாதீர்கள். செய்ய முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது பொன்மொழிகூட இல்லை, கேட்டால் கொடு, அவ்வளவுதான். அதற்கே பத்தொன்பது வருடம் ஆகும் போலிருக்கிறது.

கோபம் வந்தால் தாராளமாகத் திட்டுங்கள். பதிலுக்கு ஒரு பொன்மொழியை மட்டும் அனுப்பிவிடாதீர்கள் :-)