தீவுக்குப் புறப்படுமுன் அலையை அறிவோம்



மணமேல்குடிக் கடற்கரையில் ஒரு காலை வேளையில் நின்று பாருங்கள். பாக் விரிகுடாவின் ஆழம் குறைந்த நீர், பெரும்பாலான நாட்களில் குளத்து நீர்போல் அடங்கிக் கிடக்கும். கண்ணுக்கெட்டிய தொலைவுவரை ஒரு குன்றும் தென்படாது. இங்கே நீந்தியும் சைக்கிள் மிதித்தும் வளர்ந்த ஓர் இளைஞர், தொலைதூரத் தீவொன்றில் நடைபெறும் முப்போட்டியில் கலந்துகொள்ள விரும்பினால், முதலில் எதை அறிந்துகொள்ள வேண்டும்?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாது ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பதே முப்போட்டி, டிரையத்லான் என்பர். 1978-ல் ஹவாயின் ஓஹு தீவில் முதல் 'அயர்ன்மேன்' போட்டி நடைபெற்றது. இறங்கியவர் 15 பேர். முடித்தவர் 12 பேர். அது சாலைவழிப் போட்டி. 1996-ல் அதே ஹவாயைச் சேர்ந்த மாவி தீவில், சாலையை விட்டு மலைப்பாதையில் செல்லும் புதிய போட்டி பிறந்தது. 'எக்ஸ்டெரா' என்று புகழ்பெற்ற அதில், கடலில் 1.5 கிலோமீட்டர் நீந்தி, கரடுமுரடான பாதையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சைக்கிளில் சென்று, பின்னர் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். அதன் உலகப் போட்டி பல்லாண்டுகள் மாவியில் நடந்து, 2022-ல் இத்தாலிக்கு மாறியது.

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது? பாறையிலும் சரிவிலும் என்றே நாம் எண்ணுவோம். உண்மை வேறு. அமெரிக்க முப்போட்டிகளில் 1985 முதல் 2016 வரை நிகழ்ந்த உயிரிழப்புகளையும் இதயம் நின்று மீட்கப்பட்ட நிகழ்வுகளையும் மருத்துவர்கள் ஆராய்ந்தனர். மொத்தம் 135, அவற்றுள் 90 நீச்சலின்போது நேர்ந்தவை! சைக்கிளில் களைத்தவர் காலை ஊன்றி நிற்கலாம். நடுக்கடலில் மூச்சுத் திணறியவர் எங்கே நிற்பார்?

1966-ல் மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியபோது, இந்தியக் கடற்படைக் கப்பல்கள் துணை சென்றன. அத்தகைய வீரருக்கே துணை தேவைப்பட்டதெனில், நாம் எம்மாத்திரம்?

ஆகவே, பயணச்சீட்டு வாங்குமுன் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அமைதியான நம் கடலில் பழகியது மட்டும் மாவியின் பேரலைக்குப் போதாது. அலையடிக்கும் கடலிலும், தேர்ந்தவர் துணையுடன், பலரோடு நெருங்கி நீந்திப் பழகுங்கள். தனியே ஒருபோதும் இறங்காதீர்கள். நம் ஊர்ச் சமவெளியில் மலையேற்றம் கற்க இயலாது; கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிக்குச் சென்று சைக்கிள் பயிற்சி பெறுங்கள். வெயில் மட்டும் நமக்குப் பழகிய தோழன்.

ஹவாயின் நேரம் நம்முடையதைவிட 15½ மணி பின்தங்கியது. உறக்கமும் உடலும் அதற்கு இசைய நாட்கள் பிடிக்கும். சில நாட்கள் முன்னதாகவே சென்றுவிடுங்கள். சைக்கிளின் பெடல்களைக் கழற்றி, உறுதியான பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். போட்டியின்போது தாகத்திற்கேற்ப நீர் அருந்துங்கள். அளவு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து உயிருக்கே ஊறு விளையலாம்.

இவை அனைத்தையும்விட முக்கியமானது ஒன்றுண்டு. நீரில் நெஞ்சு இறுகினால், கையை உயர்த்தி மீட்புப் படகை அழைக்கத் தயங்காதீர்கள். பாதியில் திரும்புவது இழுக்கன்று. போட்டி அடுத்த ஆண்டும் நடக்கும். ஊரில் உம்மாவும் வாப்பாவும் வாசலைப் பார்த்துக் காத்திருப்பது பதக்கத்திற்காக அன்று, பிள்ளைக்காக!